ஒரு கணுக்காலும் மூன்று மரபுத்தொடர்களும்

"உங்க இங்கிலீஷ்ல தப்பே இல்ல அண்ணி. ஆனா கேட்டா கோர்ட் நோட்டீஸ் படிக்கிற மாதிரி இருக்கு."

நாத்தனார் இப்படிச் சொன்னதிலிருந்து பிசியோதெரபிஸ்டுக்கு மனசே ஆறவில்லை. நாத்தனார் நாள் முழுக்க வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு போனில் மல்லுக்கட்டுகிறவள். இருநூறு ஆங்கில மரபுத்தொடர்கள் கொண்ட பட்டியல் ஒன்றைக் கொடுத்து, "நடுநடுவுல இதைத் தூவி விடுங்க, பேச்சு சரளமாயிடும்" என்றாள்.

அண்ணி ஒரே மூச்சாக உட்கார்ந்து, பத்தே நாளில் இருநூறையும் கரைத்துக் குடித்தாள். கணவர் உப்பு கேட்டால்கூட உள்ளர்த்தம் தேடுமளவுக்கு முற்றிவிட்டது.

பதினோராம் நாள் கிளினிக்குக்கு வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் மனைவியோடு வந்தார். உடைந்த கணுக்காலுக்குப் போட்ட மாவுக்கட்டைப் பிரித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

படுத்ததும், "ஐ ஹேவ் கோல்ட் ஃபீட்" என்றார். ஏசி நேராக அவர் பாதத்தில்தான் வீசிக்கொண்டிருந்தது. அவளுக்கோ பட்டியல்தான் கண்முன் நின்றது. ஆகா, மனுஷன் பயந்து பின்வாங்குகிறார்!

"பயப்படாதீங்க சார், சின்னப் பிள்ளைங்களே இதைத் தாங்கிக்குறாங்க" என்று ஆங்கிலத்தில் தேற்றினாள்.

அவர் பரிதாபமாக ஏசியை நோக்கி விரலை உயர்த்தினார். கடவுளைக் கூப்பிடுகிறாராக்கும் என்று அவளும் மரியாதைக்கு ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்து, "ஐ கான்ட் புட் மை ஃபுட் டவுன்" என்றார். காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை என்று அவர் சொன்னது, வீட்டில் தன் பேச்சு எடுபடவில்லை என்று அவள் காதில் விழுந்தது. நாற்காலியிலிருந்த மனைவியை ஏற இறங்கப் பார்த்தாள். ஃபாரம் நிரப்பச் சொல்லி வெளியே அனுப்பினாள். பிறகு குனிந்து கிசுகிசுத்தாள்:

"கொஞ்சம் கறாரா இருங்க சார். தினம் ஒரு விஷயத்துலயாவது உங்க பேச்சு நிக்கணும்."

இன்ஜினியர் திருதிருவென விழித்தார். அவள் கணுக்காலைப் பிடித்து இழுத்தாள்.

"யூ ஆர் புல்லிங் மை லெக்!" என்று அலறினார்.

"ஐயோ, கேலியெல்லாம் இல்ல சார், சத்தியமாத்தான் சொல்றேன்!" சத்தியத்தை நிரூபிக்க இன்னும் அழுத்தி இழுத்தாள்.

அலறல் கேட்டு மனைவி ஓடிவந்தாள். யார் என்ன சொன்னார்கள், யாருக்கு என்ன புரிந்தது என்று விளங்கியதும் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். பிசியோதெரபிஸ்ட் அசடு வழிய ஏசியை அணைத்து, அவர் காலில் சாக்ஸை மாட்டினாள். மனைவி தண்ணீர் குடிக்கப் போன சமயம் பார்த்து இன்ஜினியர் மெல்லக் கேட்டார்:

"அந்தக் கறார் விஷயம்... எதுல ஆரம்பிக்கலாம்?"

அவர்கள் போனபின் தையல்காரம்மா ஒருவர் இடுப்பில் கைவைத்தபடி வந்தார்.

"உக்காந்து உக்காந்து இடுப்பே கழண்டு விழுந்துடுச்சும்மா."

பிசியோதெரபிஸ்ட் இரண்டடி தள்ளியே நின்றாள்.

"நிஜமாவே விழுந்துடுச்சா, சும்மா பேச்சுக்குச் சொல்றீங்களா?"

தையல்காரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, வேற டாக்டரம்மா யாராச்சும் இருக்காங்களா?"