ஒரு வேன், இரண்டு ஆயில் பில்டர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது. உண்மையைச் சொன்னால், துணி ஏற்கெனவே காய்ந்துவிட்டிருந்தது. எதிர்வீட்டு வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டதால் காய்ந்த துணியையே இன்னொரு தடவை உதறிக் கொடியில் போட்டேன். எழுதுகிறவர்கள் இதற்கு அவதானிப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் வேறு பெயர்.

நான் எழுத நினைத்தது ஒரு காதல் கதை. எதிர்வீட்டு வேன்காரர் மகளுக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் மகனுக்கும் ஒருவரையொருவர் பிடித்து, இரண்டு வீட்டிலும் சொல்லி, கல்யாணப் பேச்சு பாதி பழுத்திருந்த நேரம். ஆனால் எழுத உட்கார்ந்தால் காதலர்கள் வாயே திறக்கவில்லை. நடுவில் ஒரு ஆயில் பில்டர் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை.

2

எப்படித் தொடங்குவது?

"மனிதனுக்குச் சிறுநீரகம் எப்படியோ, இன்ஜினுக்கு ஆயில் பில்டர்..." (வேண்டாம். ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது.)

"அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வானம் தெளிவாக..." (வானத்துக்கும் வேனுக்கும் என்ன சம்பந்தம்? அடித்துவிட்டேன்.)

"வேன்காரர் ஒரு கோழை." (இது பிரமாதமாக இருக்கிறது. ஆனால் அவர் மனைவி எங்கள் தெருவின் டெய்லர். அவரிடம் தைக்கக் கொடுத்த என் துணி இன்னும் திரும்பி வரவில்லை. ஆகவே இப்படி மாற்றுகிறேன்:)

வேன்காரர் யார் மனத்தையும் நோகடிக்கத் தெரியாதவர். ஆஸ்பத்திரிக்கு நர்ஸுகளை ஏற்றிப்போய் இறக்கிவிடுவது அவர் வேலை. ஏழு பேர் ஏழு பாட்டுக் கேட்டால் ஏழையும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுவிட்டு, கடைசியில் ஏழு பேரிடமும் திட்டு வாங்குகிறவர். அப்படிப்பட்டவருடைய வேனுக்கு ஆயில் மாற்றும் வேளை வந்தது. ஆயில் மாற்றினால் பில்டரும் மாற்ற வேண்டும்.

3

பில்டரை எங்கே வாங்குவது? இதுதான் இந்தக் கதையில் வில்லன்.

அவர் வருஷக்கணக்காகப் பில்டர் வாங்கியது பெரிய கடையில். அந்தக் கடைக்காரர்தான் இப்போது சம்பந்தியாகப் போகிறவர். (பேச்சு இன்னும் முடியவில்லை. ஆனாலும் நான் அவரைச் சம்பந்தி என்றே எழுதப்போகிறேன். எழுத்தில் அவசரப்பட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.) அவர் கடையில் விற்பது சிவப்பு பில்டர்.

அதே சாலையில், டெய்லரம்மாவின் தம்பி, அதாவது வேன்காரரின் மச்சினன், புதிதாக ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை திறந்திருந்தான். அவன் கடையில் வெள்ளை பில்டர்.

"என் தம்பி கடைய விட்டுட்டு வேற கடையில வாங்குனீங்கன்னா, நான் என்னத்தச் சொல்ல," என்றார் டெய்லரம்மா, தையல் மிஷினை நிறுத்தாமலேயே.

"அவரு நம்ம பொண்ண எடுக்கப்போறவருடி. இவ்வளவு நாள் வாங்கிட்டு, இப்பப் போய் கடைய மாத்துனா என்ன நெனைப்பாரு?"

"அவரு பொண்ணத்தானே எடுக்கப்போறாரு? பில்டர ஏன் அவர்கிட்ட எடுக்கணும்?"

மிஷின் தடதடவென்று ஓடியது. அந்த வீட்டில் அது விவாதம் முடிந்ததற்கு அடையாளம்.

(இங்கே ஒரு கட்டுரை எழுதலாம். பில்டர் தேர்ந்தெடுப்பது எப்படி? வண்டிக்கான எண் பொருந்த வேண்டும். திருகும் மரை சரியாக ஏற வேண்டும். உள்ளே இருக்கும் காகிதம் நெருக்கமான மடிப்பாக இருக்க வேண்டும். ராத்திரி வண்டி நிற்கும்போது ஆயில் கீழே வடியாமல் பிடித்துவைக்கும் வால்வு வேண்டும். இல்லையென்றால் காலையில் இன்ஜின் தகர டப்பா மாதிரி கத்தும். இவை எல்லாவற்றிலும் சிவப்பும் தேறியது, வெள்ளையும் தேறியது. ஒன்று மட்டமாக இருந்திருந்தால் வேன்காரர் பிழைத்திருப்பார். இரண்டும் நல்ல சரக்கு. அதுதான் சிக்கல்.)

4

எந்த பில்டர் என்பது யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்பீர்கள். இங்கேதான் ஸ்பேர் பார்ட்ஸ்காரர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் முகத்தைப் பார்ப்பார்கள். இவர்கள் வாசலில் நிற்கும் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் "சௌக்கியமா?" சம்பந்தியும் அப்படித்தான், மச்சினனும் அப்படித்தான். அந்த வேனில் பில்டர் தொங்குவதோ குனிந்தவுடன் கண்ணில் படுகிற இடத்தில்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்பந்தி கல்யாணத் தேதி பேச வருவதாக ஏற்பாடு. சாயங்காலம் மச்சினன் சும்மா வருவதாக ஏற்பாடு. (கடை திறந்தவர்கள் சும்மா வருவதில்லை.)

வேன்காரர் இரண்டு கடையிலும் ஆளுக்கொரு பில்டர் வாங்கினார். காலையில் சிவப்பு. சாயங்காலம் வெள்ளை. ஒரு வேனுக்கு வேளைக்கொரு பில்டர் போட்ட மனிதர் இதற்கு முன்னால் இருந்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது.

5

காலை நன்றாகவே போனது. சம்பந்தி வந்தார், குனிந்தார், சிவப்பைப் பார்த்தார், நிமிர்ந்தார். "சௌக்கியமா சம்பந்தி?" என்று முதன்முறையாக அந்த வார்த்தையைச் சொன்னார். வேன்காரர் அவரை வேனிலேயே ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். தேதி இரண்டு மூன்று பேசி, மகனையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லி, சம்பந்தி கிளம்பினார்.

அவர் தெரு திரும்பியதும் வேன்காரர் அழுக்குச் சட்டைக்கு மாறி வேனுக்கு அடியில் புகுந்தார். நான் கொடியில் ஒரு போர்வையைப் போட்டேன். இன்ஜின் சூடு ஆறவில்லை. "ஸ்ஸ்... ஆ..." என்று சத்தம். அவசர அவசரமாகச் சிவப்பைக் கழற்றி வெள்ளையைத் திருகினார். கழற்றிய பில்டரின் வாயில், ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு உறவைக் காப்பாற்றுகிறவருக்கு வளையத்தைப் பார்க்க ஏது நேரம்? அது சூட்டில் இளகி இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. வெள்ளை அதன் மேலேயே தன் வளையத்தோடு ஏறி உட்கார்ந்தது.

(வாசகரே, இதை நான் அப்போது பார்க்கவில்லை. மாடியிலிருந்து அவ்வளவு தெரியாது. பிறகு தெரிந்ததை முன்னாலேயே சொல்லிவிட்டேன். சொல்லாமல் அடக்கிவைப்பது என் சுபாவம் இல்லை.)

6

மச்சினன் சாயங்காலம் வரை பொறுக்காமல் மத்தியானமே வந்துவிட்டான். குனிந்தான். முகம் மலர்ந்தது.

"மச்சான்! நம்ம வெள்ளைதான் போட்டிருக்கீங்களா? ஸ்டார்ட் பண்ணுங்க, சத்தம் எப்படின்னு கேப்போம்!"

வேன்காரர் சாவியைத் திருகிய அதே நேரம், செல்போனை மறந்துவைத்துவிட்டுப் போன சம்பந்தி அதை எடுக்கத் திரும்பி வந்து வாசலில் நின்றார். பழக்கம் விடுமா? குனிந்தார்.

வேனுக்கு அடியில் ஆயில் கொட்டியது. சொட்டவில்லை, குழாயைத் திறந்துவிட்டதுபோல் ஊற்றியது. வேன்காரர் அலறிக்கொண்டு இன்ஜினை அணைத்தார். ஆனால் சம்பந்தி ஆயிலைப் பார்க்கவில்லை.

"காலையில நம்ம பில்டர் இருந்துச்சே?"

உள்ளே தையல் மிஷின் சத்தம் நின்றது. அது நின்று நான் கேட்டதே இல்லை.

"அது வந்து... மச்சினன்... சாயங்காலம்..." என்றார் வேன்காரர்.

"புரியுது சார்," என்றார் அவர். காலையில் சம்பந்தி, இப்போது சார். "காலையில போட்ட பில்டர மத்தியானம் மாத்துறவரு, குடுத்த வாக்க எத்தன நாள் வெச்சிருப்பாரு?"

சம்பந்தி திரும்பினார். அவருடைய கண்களில் எரிமலை ஒன்று... (அடித்துவிட்டேன். கண்களில் எரிமலை இல்லை, மூக்குக்கண்ணாடிதான் இருந்தது. ஆனால் அவர் படி இறங்கிவிட்டார் என்பது நிஜம். அந்தப் பெண்ணின் கல்யாணமும் அவரோடு படி இறங்கிக்கொண்டிருந்தது.)

7

இந்த இடத்தில் மகளைப் பற்றி ஒரு சந்தேகம். இதுவரை அவளை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். எங்கள் தெருவில் அவளுக்குப் பெயரே எக்ஸ்ரே. முதல் வரைவில் அவளைக் கதவோரம் நிறுத்தி அழவைத்தேன். எவ்வளவு முயன்றும் கண்ணீர் வரவில்லை. நடந்தது இதுதான்: துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு கோணிச் சாக்கை விரித்து வேனுக்கு அடியில் படுத்தாள். வெள்ளையைக் கழற்றினாள். கொஞ்ச நேரம் எதையோ நகத்தால் சுரண்டினாள். பிறகு உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"மாமா, கொஞ்சம் நில்லுங்க," என்றாள்.

இரண்டு பேருமே நின்றார்கள். தாய்மாமனும் மாமா, வரப்போகும் மாமனாரும் மாமா.

வெளியே நீண்ட கையில் இரண்டு ரப்பர் வளையம்.

"அப்பா, ரெண்டு பேரையும் ஒரே இடத்துல ஒக்கார வெச்சிருக்கீங்க. அதான் ஒழுகுது. பில்டர்ல ஒண்ணும் இல்ல."

சம்பந்தி தன்னையறியாமல் கிட்டே வந்து வளையத்தை வாங்கி விரலால் அழுத்திப் பார்த்தார். "சூட்டோட கழட்டிருக்காரு. ஆறட்டும்னு விட வேண்டாமா?"

"மச்சானுக்கு எங்க பொறுமை?" என்றான் மச்சினன். "வளையத்துல கொஞ்சம் ஆயிலத் தடவிட்டுத் திருகிருந்தா ஒட்டிருக்காது."

"அதான! எவ்வளவு நாளா சொல்லிட்டிருக்கேன்!" என்றார் சம்பந்தி.

ஒரு பொது எதிரி கிடைத்துவிட்டால் போட்டிக் கடைக்காரர்கள் எவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறார்கள்! அவர்கள் வேன்காரரை முறை வைத்துத் திட்டிக்கொண்டிருந்தபோது எக்ஸ்ரே எழுந்து, "எல்லாரும் உள்ள போங்க. அம்மா டீ போடுறாங்க. யாரும் வெளிய எட்டிப் பாக்கக் கூடாது," என்றாள். எல்லோரும் போனார்கள். அவள் கேட்டைச் சாத்தினாள். (எனக்கும் மறைந்துவிட்டது. எவ்வளவு எக்கினாலும் வேனின் கூரைதான் தெரிந்தது.)

அவள் திரும்ப உள்ளே போனபோது சம்பந்தி டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாராம். "எதம்மா போட்ட?"

"ஒழுகாதத போட்டிருக்கேன், மாமா."

அவர் அவளையே பார்த்தாராம். பிறகு டீயை எடுத்துக் குடித்துவிட்டு வேன்காரரிடம் சொன்னாராம்: "சம்பந்தி, பொண்ணுகிட்டக் கேட்டே தேதிய முடிவு பண்ணுவோம். உங்ககிட்டக் கேட்டா மத்தியானத்துக்குள்ள மாறிடும்."

(இவ்வளவும் டெய்லரம்மா சொன்னது. என் துணியும் வந்துவிட்டது.)

8

கல்யாணம் நிச்சயம். ஆனால் எந்த பில்டர்?

மறுநாள் நானே போனேன். தெருவில் யாருமில்லை. குனிந்தேன். பில்டர் கறுப்பாக இருந்தது. கேட்டுக்கு அடித்து மீந்த கறுப்புப் பெயின்டை அதற்கு வழுவழுவென்று அடித்துவைத்திருந்தாள்.

"அத்தை, என்ன தேடுறீங்க?"

"கம்மல் திருகாணி விழுந்துடுச்சும்மா."

"காதுல கம்மலே இல்லையே அத்தை."

எக்ஸ்ரே என்று சும்மாவா சொல்கிறார்கள்? பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எங்களப் பத்தி எழுதுறீங்கன்னு தெரியும். எழுதுங்க. ஆனா ரெண்டு மாமாவும் படிப்பாங்க. அத மனசுல வெச்சுக்கிட்டு முடிங்க."

ஆகவே இந்தக் கதைக்கு இரண்டு முடிவுகள்.

சம்பந்தி மட்டும் படிக்க: உங்கள் சிவப்புதான். வருஷக்கணக்கான பழக்கத்தை அந்தப் பிள்ளை விடுவாளா? மச்சினனிடம் சொல்லிவிடாதீர்கள், பாவம், புதுக் கடை.

மச்சினன் மட்டும் படிக்க: உன் வெள்ளைதான். தாய்மாமன் சரக்கை அவள் தள்ளுவாளா? சம்பந்தியிடம் காட்டிக்கொள்ளாதே, பெரிய மனிதர்.

மற்றவர்களே, உங்களுக்கு எந்த முடிவையும் நான் தரப்போவதில்லை. தெரிந்ததை எல்லாம் சொல்கிறவளுக்கு, தெரியாததைச் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வேன் தினமும் வாசலில்தான் நிற்கிறது. பெயின்டை நகத்தால் ஓர் ஓரம் சுரண்டிப் பார்க்க வேண்டுமென்று தோன்றினால் தாராளமாக வாருங்கள், குனியுங்கள். ஒரு நல்ல சாக்கு மட்டும் கையோடு கொண்டுவாருங்கள். திருகாணி என்று சொல்லிவிடாதீர்கள், அது செலவாகிவிட்டது.