நீள பஸ்ஸர் இரண்டு

ரயிலுக்குள் நின்று கதவை மூடும் கண்டக்டர்கள் ஒரு ஜாதி. ரயிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டு மூடும் கண்டக்டர்கள் இன்னொரு ஜாதி. நான் இரண்டாவது. புதுப் பெட்டிகளில் கண்டக்டருக்கென்று ஒரு கேபின் உண்டு, ஜன்னல் உண்டு, குளிருக்கு ஒரு கதவும் உண்டு. புரூக்ளினில் எங்கள் பக்கம் அனுப்பப்பட்டவையெல்லாம் என் அப்பாவின் கல்யாணத்துக்கு முன்பே ஓட ஆரம்பித்த பெட்டிகள். நிலையம் வந்ததும் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே வெளியே வந்து, ஒரு கால் இந்தப் பெட்டியின் படித்தட்டில், மறு கால் அந்தப் பெட்டியின் படித்தட்டில் என்று காலை அகட்டி ஏறி, ஜனங்களின் தலைக்கு மேலே நிற்க வேண்டும். இடது கையில் ஒரு விசை, பின்பெட்டிகளின் கதவுகளுக்கு. வலது கையில் ஒரு விசை, முன்பெட்டிகளுக்கு. ஜனவரி மாதத்தில் அந்த இரும்பின் குளிர் கையுறையையும் தாண்டிக் கடிக்கும்.

நான் சொல்வது 1974இல் நடந்தது. பெண்களை இந்த வேலைக்கு எடுக்க ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கறுப்புப் பெண் ஒருத்தி கால்சட்டை போட்டுக்கொண்டு படித்தட்டில் ஏறி நிற்பதைச் சில ஆண்களால் தாங்க முடியவில்லை. என் அலமாரியின் பூட்டுக்குள் ஒருவன் பசையை ஊற்றினான். அவன் யாரென்று எனக்குத் தெரியும். பெயரைச் சொல்லி அவனைப் பெரிய ஆளாக்க எனக்கு மனமில்லை.

அந்தப் பூட்டை உடைத்துக் கொடுத்தவர் நெல்லோ. முழுப்பெயர் அனியெல்லோ புவனோகோரே. ரயிலை ஓட்டும் மோட்டார்மேனாக இருபத்தாறு வருஷம். நான்கு மகள்களின் தகப்பன்.

"எவனாவது உன்னோட வண்டி ஓட்டமாட்டேன்னா என்கிட்ட வா பொண்ணே. வீட்ல அஞ்சு பொம்பளைங்க சொன்னபடி நடக்கறேன். ஆறாவதா நீயும் சொல்லிட்டுப் போ" என்றார்.

அன்றிலிருந்து நாங்கள் ஜோடி. மிளகாயும் முட்டையும் வதக்கி வைத்த ரொட்டியை அவர் இரண்டாகக் கொண்டுவருவார், ஒன்று எனக்கு. "வெர்டெல் கேஸ்கின்ஸ் நம்ம வீட்டுப் பொண்ணு" என்று ஓய்வறையில் எல்லோர் காதிலும் விழச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் பின்னால் நடந்தது இவ்வளவு வலித்திருக்காது.

கதவு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார்மேனின் கேபினில் ஒரு சின்ன விளக்கு இருக்கும். பத்துப் பெட்டியிலும் அந்தப் பக்கத்துக் கதவெல்லாம் முழுசாக மூடினால்தான் அது எரியும். எரிந்தால் அவர் வண்டியை எடுக்கலாம், அவருக்குச் சைகை கொடுக்கும் பஸ்ஸரை நான் தொடவே வேண்டாம். எரியாவிட்டால் நான் இறங்கி, பத்துப் பெட்டியையும் நடந்து, ஒவ்வொரு கதவாகக் கையால் அழுத்திப் பார்த்து, திரும்பி வந்து ஏறி, நீளமாக இரண்டு பஸ்ஸர் கொடுக்க வேண்டும். சட்டம் அப்படி. காலை எட்டரை மணிக்கு, பின்னால் இரண்டு ரயில்கள் மூச்சு முட்ட நிற்கும்போது, அந்தச் சட்டத்தை எழுதியவன் வந்து நடந்து பார்க்கட்டும்.

நாங்கள் நடக்கவில்லை. யாருமே நடக்கவில்லை. விளக்கு எரியாவிட்டால் மோட்டார்மேன் பஸ்ஸரைச் சின்னதாக ஒரு தட்டு தட்டுவார். நான் படித்தட்டிலிருந்தே முன்னும் பின்னும் பார்த்துவிட்டு இரண்டு நீளம் கொடுப்பேன். அவர் எடுத்துவிடுவார். குருட்டு ஓட்டம் என்று இதற்குப் பெயர். அந்தக் குளிர்காலத்தில் விளக்குகள் எரிந்த நாளைவிட அணைந்த நாள்தான் அதிகம். போகப்போக நெல்லோ தட்டுவதையே விட்டுவிட்டார். நானும் கேட்பதை விட்டுவிட்டேன். இடது விசை, வலது விசை, இரண்டு நீளம். விளக்கு எரிந்தாலும் அதே, எரியாவிட்டாலும் அதே.

ஜனவரி பதினேழு, வியாழக்கிழமை, எட்டு நாற்பது. வளைந்த பிளாட்பாரம். நான் நின்ற இடத்திலிருந்து கடைசிப் பெட்டியின் கடைசிக் கதவு ஒரு தூணுக்குப் பின்னால் போய்விடும். எட்டிப் பார்த்தேன். தூண் தெரிந்தது. தூணுக்கு அந்தப் பக்கம் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு இரண்டு நீளம் கொடுத்தேன்.

அங்கே மிசஸ் பிளாட்கின் இருந்தார். அறுபத்தொரு வயது, கோட்டு தைக்கும் ஃபாக்டரியில் வேலை. பையின் வாரைத் திருட்டுக்குப் பயந்து மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். பை கதவுக்கு உள்ளே, அவர் வெளியே. கதவு நாலு விரற்கடை திறந்திருக்க, வண்டி நகர்ந்துவிட்டது. உள்ளே யாரோ அவசரக் கயிற்றை இழுத்து வண்டி நிற்பதற்குள் முப்பதடி போய்விட்டது. இடுப்பும் தோளும் உடைந்தன. நான் ஓடிப்போனபோது அவர் என் முகத்தைப் பார்த்து, "நான் மூடாதேன்னு கத்தினேனே, கேக்கலியா" என்று கேட்டார். கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை.

அன்று மதியம் ஓய்வறையில் நெல்லோ என்னை மூலைக்குக் கூட்டிப்போனார். அவர் கையில் இருந்த காகிதக் கோப்பையில் காப்பி ஆறிப் போயிருந்தது.

"விளக்கு எரிஞ்சுது. அதைப் பார்த்துத்தான் நான் எடுத்தேன். நீ பஸ்ஸரைத் தொடல. அவ்வளவுதான், புரிஞ்சுதா?"

"விளக்கு எரிஞ்சுதா நெல்லோ?"

அவர் ஆறிய காப்பியை ஒரே மடக்கில் குடித்தார்.

"கதவு திறந்திருக்கும்போது விளக்கு எரிஞ்சா, கதவு இணைப்புல கோளாறுன்னு ஆயிடும். காலைல அந்த வண்டியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது யூஸ்டஸ். அவர் தலைல விழும்" என்றேன்.

"மெக்கானிக்குங்களுக்கு யூனியன் இருக்கு."

"நமக்கும் அதே யூனியன்தான்."

"எனக்கு நவம்பர்ல ஓய்வு, வெர்டெல். இருபத்தாறு வருஷம். உனக்கு ஒரு குழந்தை. நீ பஸ்ஸர் அடிச்சேன்னு சொன்னா ரெண்டு பேரும் போனோம். சொல்லலேன்னா அந்தாளு ஒருத்தன்தான் போவான். கணக்குப் போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தேன். இந்த வேலைக்கு முன்னால் பதினோரு வருஷம் அடுத்தவர் வீட்டுக் குளியலறையைக் கழுவினேன். என் மகள் டெரீசாவுக்கு ஒன்பது வயது. மறுபடி முழங்காலில் உட்கார்ந்து தரை தேய்க்க என்னால் முடியாது. தேவாலயத்தில் பாட்டுக் குழுவில் முதல் வரிசையில் நிற்பவள் நான். ஆனாலும் வாக்குமூலக் காகிதம் வந்ததும் "பஸ்ஸர் கொடுக்கவில்லை" என்று தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கவில்லை. அதைத்தான் இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

யூஸ்டஸ் அலீன் பார்படோஸ்காரர். ஐம்பது வயதிருக்கும், சட்டைப்பையில் எப்போதும் மடித்த துணியோடு இருப்பார், விரலில் எண்ணெய் பட்டதும் துடைத்துக்கொள்வார். அடுத்த வாரம் யார்டு வாசலில் எனக்காகக் காத்திருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், பனி தலையில் விழுந்துகொண்டிருந்தது.

"மிஸ் வெர்டெல், அந்தக் கதவை ரெண்டு தடவை தெறந்து மூடிப் பாத்தேன். விளக்கும் பாத்தேன். வீட்டுக்காரிகிட்ட சொன்னா, மூணாவது தடவை ஏன் பாக்கலன்னு கேக்கறா. அவளே நம்பல."

"எனக்கு விளக்கு தெரியாது மிஸ்டர் அலீன். அது முன்னால கேபின்ல இருக்கு."

"தெரியும். அதை நான் உங்ககிட்ட கேக்கல. நீங்க பஸ்ஸர் அடிச்சீங்களா, இல்லையா? அது உங்க கைக்குத் தெரியுமில்ல? அதை மட்டும் சொல்லுங்க, போதும்."

"எழுதிக் குடுத்துட்டேன்" என்றேன்.

என்ன எழுதினேன் என்று அவர் கேட்கவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு, "சரிங்க, வழுக்குது, பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பிப்ரவரியில் விசாரணை. அந்தக் கதவின் இணைப்பைக் கழற்றிப் பார்த்தார்கள். ஒரு நாள் ஒழுங்காக வேலை செய்தது, ஒரு நாள் செய்யவில்லை. ஆகவே எல்லாம் எங்கள் இரண்டு பேர் வாக்குமூலத்தில் நின்றது. யூஸ்டஸை வேலையை விட்டு எடுக்கும் கடிதம் தயாராகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். கடைசியாக ஒரே ஒரு சடங்கு பாக்கி. அதே பத்துப் பெட்டிகளை யார்டில் பயிற்சிப் பிளாட்பாரத்தில் நிறுத்தி, கதவு மூட எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பது.

பகல் பதினோரு மணி, நல்ல வெயில், காற்றுதான் கத்திபோல. சூப்பிரண்டு நெல்லோவோடு முன் கேபினில் ஏறிக்கொண்டார். வண்டி நகரக் கூடாது, விளக்கு எரிகிறதா என்று மட்டும் சொல்ல வேண்டும் என்பது நெல்லோவுக்கு உத்தரவு. யூஸ்டஸைக் கடைசிக் கதவருகில் நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கதவிடுக்கில் ஒரு மரக்கட்டையை வைக்கச் சொல்லியிருந்தார்கள், மிசஸ் பிளாட்கினின் பை இருந்த இடத்தில். எனக்கு அது தெரியாது. கடிகாரத்தோடு ஒரு இளம் அதிகாரி எனக்குக் கீழே பிளாட்பாரத்தில் நின்றான்.

"பதட்டப்படாதீங்க மேடம். தினமும் என்ன செய்வீங்களோ, அதையே செய்யுங்க. ஒண்ணும் யோசிக்க வேண்டாம்" என்றான்.

ஏறினேன். ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே. திறந்தேன். பத்து விநாடி. பின்பக்கம் பார்த்தேன், இடது விசை. முன்பக்கம் பார்த்தேன், வலது விசை. கதவுகள் வரிசையாகத் தட்டி மூடின. அந்தச் சத்தம் அடங்கும் முன்பே என் கட்டைவிரல் பஸ்ஸர் பொத்தானில் இருந்தது.

நீளமாக ஒன்று. நீளமாக இன்னொன்று.

இரண்டாவது முடியும்போதுதான் என்ன செய்தேன் என்று எனக்குப் புரிந்தது. அதற்குள் முன்னாலிருந்து பதில் வந்துவிட்டது. பிரேக் காற்று சீறியது. என் காலுக்குக் கீழே இரண்டு தட்டுகளும் குலுங்கின. வண்டி நகர்ந்தது.

இரண்டடி போயிருக்கும், அவ்வளவுதான். கேபினில் சூப்பிரண்டு நெல்லோவுக்குப் பக்கத்தில் அணைந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசிக் கதவில் கட்டை இருந்தது. யூஸ்டஸ் அந்தக் கட்டையைப் பிடித்தபடி இரண்டடி கூடவே நடந்து வந்து நின்றார். இளம் அதிகாரி கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டான்.

முதலில் பேசியவர் நெல்லோ. கேபின் ஜன்னலில் தலையை நீட்டி, பிளாட்பாரம் முழுக்கத் தாண்டி என்னைப் பார்த்தார். "நான் எடுக்கல" என்றார். "நான் எடுக்கவே இல்ல." அவர் கை இன்னும் கைப்பிடியில் இருந்தது என்று பிறகு சூப்பிரண்டு எழுதினார்.

எனக்கு நாற்பது நாள் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கச் சொல்லி உத்தரவு, கூடவே என் கோப்பில் பொய்வாக்குமூலம் என்று ஒரு வரி. வேலை போகவில்லை. நெல்லோவை வண்டியிலிருந்து இறக்கினார்கள். நவம்பர்வரை ஒரு நிலையத்து வாசலில் உட்கார்ந்து காவல் காத்தார். யூஸ்டஸின் கடிதம் கிழிக்கப்பட்டது. மிசஸ் பிளாட்கினின் தோள் அதற்குப் பிறகு ஊசி பிடிக்கும் உயரத்துக்கு எழும்பவில்லை என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க இரண்டு முறை கிளம்பி, அவர் தெருமுனைவரை போய்த் திரும்பிவிட்டேன்.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் நெல்லோ இருந்த வாசல் வழியாகப் போக நேர்ந்தது. நின்றேன். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் நின்றேன்.

"என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். 'நெல்லோ, என்னால முடியாது'ன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன். சூப்பிரண்டு பக்கத்துல இருக்கறப்போ பாத்து அடிச்ச பாரு பஸ்ஸரு. என் ரொட்டியைத் தின்ன கை அது" என்றார்.

"நெல்லோ, நான் வேணும்னு..."

"போ பொண்ணே. வழியை அடைக்காதே. ஜனங்க வராங்க."

அதே வாரம் வெள்ளிக்கிழமை யார்டில் யூஸ்டஸ் என்னைத் தேடி வந்தார். கையில் துணியில் சுற்றிய தேங்காய் ரொட்டி, இன்னும் சூடாக இருந்தது.

"வீட்டுக்காரி குடுக்கச் சொன்னா. வாயால சொல்லியிருந்தா ஏதாவது எழுதி மறைச்சிருப்பாங்க மிஸ் வெர்டெல். நீங்க கையால சொன்னீங்க. எல்லார் முன்னாலயும். அந்த தைரியம் எனக்கு வந்திருக்காது."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். மிஸ்டர் அலீன், நான் உங்களை வித்துட்டேன், என் கைதான் விக்கல என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தில் இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒழுங்காகத் தூங்கிய தெளிவு தெரிந்தது. தொப்பி தலையிலேயே இருந்தது.

"அவங்களுக்கு என் நன்றியைச் சொல்லுங்க" என்றேன். ரொட்டியை வாங்கிக்கொண்டேன்.