படகு திரும்பும் வரை

இரண்டாவது செருப்பை மாட்டக் குனிந்த காம்ஷூய் நிமிரவே இல்லை.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த யுக்ஹோவுக்குப் புருஷனின் முதுகுதான் தெரிந்தது. வார் அறுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"அங்கயே என்ன தவமா பண்றீங்க? பட்டாசுச் சரத்தை எடுத்துக்கிட்டுத் துறைக்குப் போங்க. படகு கிளம்பற நேரம்."

கொதிக்கிற அண்டாவிலிருந்து மூங்கில் இலையில் கட்டிய சோற்றுப் பொட்டலங்களை எடுத்து வடிய வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்து அவர் தோளைத் தொட்டாள். அவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார்.

கன்னத்தைத் தட்டினாள். முகத்தில் தண்ணீர் அடித்தாள். சட்டையை விலக்கி நெஞ்சில் காதை வைத்தாள். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றி மூக்கருகே பிடித்தாள். கண்ணாடியில் ஆவியே படியவில்லை. ஐம்பத்தாறு வயது. நேற்று மூன்று கிண்ணம் சோறு தின்று, நாலாவதுக்குக் கிண்ணத்தை நீட்டிய மனுஷன்! செத்துப்போகிறவர் இப்படியா ஒரு வார்த்தை சொல்லாமல் போவார்?

அலறுவதற்கு வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து மேல்துறையில் முரசு அதிர்ந்தது. யுக்ஹோ வாயை மூடிக்கொண்டாள்.

அந்தப் படகில் அவள் மகன் ஜீகன் இருக்கிறான், மூன்றாவது வரிசையில். பின்னால் சுக்கான் துடுப்பைப் பிடித்திருப்பவர் கொழுந்தனார் காம்தோங். நடுவில் அவருடைய பிள்ளைகள் மூன்று பேர். சாவு விழுந்த வீட்டு ரத்த உறவு டிராகன் படகில் கால் வைக்கக் கூடாது. இவள் இப்போது ஒரு குரல் கொடுத்தால் போதும், ஐந்து பேரும் துடுப்பைக் கீழே போட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும்.

போன வருஷமும் இதேதான். திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு பெரிய மாமனார் கண்ணை மூடினார். ஐந்து இடம் காலியாகப் போன படகு கடைசியாக வந்தது. "ஓட்டைப் பல்லுப் படகு" என்று எதிர்க்கரைக்காரர்கள் பெயர் வைத்தார்கள். வருஷம் முழுக்கச் சந்தையில், பேருந்தில், கல்யாண வீட்டில்கூட அதையே சொல்லிச் சிரித்தார்கள். பதினெட்டு வயது ஜீகன், வருஷம் முழுக்க ஆற்றுச் சேற்றில் புதைத்து வைக்கிற படகைத் திருவிழாவுக்காகத் தோண்டி எடுத்தவர்களில் ஒருவன். போட்டியன்று அடுப்படியில் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதான்.

"அழாதடா. அடுத்த வருஷம் நானே செத்தாலும் நீ துடுப்பு போடறே" என்று அன்றைக்குக் காம்ஷூய் சொன்னார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வாய் விளங்காத மனுஷன்!

யுக்ஹோ அவரை அக்குளில் கைகொடுத்துக் கட்டிலுக்கு இழுத்துப் போனாள். பிணம் இவ்வளவு கனக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டாள். இடது கண் மூடிக்கொண்டது. வலது கண் மூடவில்லை.

"யுக்ஹோ அக்கா! அண்ணன் எங்க? படகு வளைவு திரும்பிடுச்சு!" வாசலில் பக்கத்து வீட்டு சாவ்பிங்கின் குரல்.

வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். "வயித்தால போவுது அவருக்கு. விடிஞ்சதிலேர்ந்து எந்திரிக்கல."

"எத்தனை பொட்டலம் தின்னாரு? கட்டியிருந்த நூலையும் சேத்துத் தின்னிருப்பாரு!" சாவ்பிங் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்ப நீங்கதான் வெடி போடணும். நம்ம படகு போகும்போது உங்க துறை மட்டும் சத்தமில்லாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

யுக்ஹோ பிறந்ததிலிருந்து பட்டாசு கொளுத்தியதில்லை. தூரத்தில் வெடித்தாலே காதைப் பொத்திக்கொள்கிறவள். சரத்தைத் துறை மரத்தின் தாழ்ந்த கிளையில் தொங்கவிட்டு, புகைகிற ஊதுபத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

படகு வந்துவிட்டது. நாற்பது துடுப்புகள், நடுவில் முரசு, பின்னால் காம்தோங். ஜீகன் கழுத்தைத் திருப்பினான்.

"அம்மா! அப்பா எங்க?"

"வயிறு சரியில்லடா!"

முரசுக்காரர் குச்சியை உயர்த்திக்கொண்டு கத்தினார். "போட்டின்னு வந்தா அந்தாளுக்குக் கழிப்பறைதான்! நாங்க ஜெயிச்சா அவனுக்குச் சோறு கிடையாதுன்னு சொல்லு!"

படகே சிரித்தது. காம்தோங் தன் பங்குக்குக் குரல் கொடுத்தார். "அண்ணி, அண்ணனை எந்திரிச்சு உக்காரச் சொல்லுங்க. இல்லேன்னா திரும்பி வந்து காலைப் பிடிச்சு இழுப்பேன்!"

எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் ஜீகன்தான். பல் எல்லாம் தெரிய, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். யுக்ஹோ ஊதுபத்தியைத் திரியில் வைத்தாள். சரம் காதருகே படபடவென்று வெடித்தது. புகைக்கு நடுவே நின்று அவளும் சிரித்தாள். தன் வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்ததைக் கேட்டு அவளுக்கே குலை நடுங்கிவிட்டது.

பிறகு மூன்று மணி நேரம். ஊதுபத்தி ஏற்றவில்லை, உடை மாற்றவில்லை, அழவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, உச்சி வெயிலில் உறங்குகிறவருக்கு விசிறுவதுபோல விசிறிக்கொண்டிருந்தாள். ஈ ஒன்று வந்து வந்து உட்கார்ந்தது. "இன்னிக்குத்தானா உங்களுக்கு நாள் கிடைச்சுது?" என்று ஒருமுறை கேட்டாள். ஆற்றுப் பக்கமிருந்து கூச்சல் எழும்பி அடங்கியது. ஒரு மழை அடித்துவிட்டுப் போனது. போன உயிர் போனதுதான், பெற்ற பிள்ளை இனி தன் முகத்தில் விழிப்பானா என்பதுதான் அவளுக்குக் கவலை.

ஜீகன் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு ஓடிவந்தான். உடம்பெல்லாம் தண்ணீர். கையில் ஒரு கிண்ணம் சோறு, மேலே வறுத்த பன்றித் துண்டுகள்.

"அப்பா! மூணு படகு நீளம்! ஓட்டைப் பல்லு யாருக்குன்னு எதிர்க்கரையில போய்க் கேளுங்க! முதல் கிண்ணம் உங்களுக்குத்தான்!"

யுக்ஹோ வாசலை மறித்தாற்போல் நின்றாள்.

"என்னம்மா, இன்னுமா எந்திரிக்கல?"

"காலையிலயே போயிட்டாருடா."

"எங்க போனாரு?"

அவன் அவளைத் தாண்டி உள்ளே போனான். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வந்தபோதும் கிண்ணம் அவன் கையிலேயே இருந்தது.

"எப்போ?"

"செருப்பு மாட்டும்போது."

"நான் துறையில கூப்பிட்டப்போ?"

"அதுக்கு முன்னாடியே."

"நீ சிரிச்சியேம்மா."

"ஆமா."

"நானும் சிரிச்சேன்" என்றான்.

காம்தோங் மாலையும் கழுத்துமாக வந்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். அடித்துப் போட்டாற்போல் தரையில் உட்கார்ந்து தன் வாயிலேயே நாலு அறை அறைந்துகொண்டார். "காலைப் பிடிச்சு இழுப்பேன்னேனே அண்ணி! என் வாயாலயே சொன்னேனே!"

சற்றுப் பொறுத்து வேறொரு பயம் அவர் முகத்தில் வந்தது. "அஞ்சு பேரு தீட்டோட படகுல உக்காந்திருக்கோம். ஊர்ல என்ன சொல்றது?"

"உங்களுக்கு என்ன தெரியும்? தெரிஞ்சது எனக்கு மட்டும்தான். தீட்டு என்னோடது. ஊர் கேட்டா என்னைக் கைகாட்டுங்க. படகை நானே தீட்டுக் கழிக்கிற இலைத் தண்ணி விட்டுக் கழுவித் தரேன்."

ஆக வேண்டியதைப் பார்க்க வேண்டும். உடம்பைக் குளிப்பாட்ட ஆற்றிடம் தண்ணீர் வாங்கி வர வேண்டும். காசைப் போட்டு மூத்த மகன்தான் மொண்டு வர வேண்டும், வேறு யாரும் கூடாது. காம்தோங் அவன் தலையில் வெள்ளைத் துணியைக் கட்டினார். மண் கிண்ணத்தை நீட்டினார். ஜீகன் சுவரைப் பார்த்தபடி நின்றான்.

"வாங்கிக்கோடா."

நின்றான்.

இவன் போகாவிட்டால் அவர் கழுவாத உடம்போடுதான் போக வேண்டும். அப்படியானால் அது தன்னால்தான். கெஞ்சலாம் என்று யுக்ஹோ வாயெடுத்தாள். சித்தப்பா கையிலிருந்து கிண்ணத்தை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு அவன் வெளியே நடந்தான். பின்னாலேயே அவளும் போனாள்.

துறையில் கீழ்ப்படிக்கு இறங்கி அவன் மண்டியிட்டபோது எதிர்க்கரைப் படகு தோற்றுத் திரும்பிக்கொண்டிருந்தது. முன்னால் இருந்தவன் இவர்களைக் கண்டதும், ஏதோ வசை சொல்லத்தான், எழுந்து நின்றான். வெள்ளைத் துணியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். முரசு நின்றது. நாற்பது பேரும் துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். போன வேகத்திலேயே படகு சத்தமில்லாமல் அவர்களைக் கடந்து போயிற்று.

ஜீகன் காசைப் போட்டான். அலை அடங்கும்வரை காத்திருந்து மொண்டான். நிறைந்த கிண்ணத்தோடு எழுந்தவன் மேலே ஏறவில்லை. மழையில் படிப்பாசி வழுக்கிக்கொண்டிருந்தது, அம்மா செருப்பில்லாமல் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்காமலே அவன் ஒரு கையை அவள் பக்கம் நீட்டினான்.

தண்ணீர் சிந்தாமல் ஒன்பது படி ஏற இருவருக்கும் வெகுநேரம் ஆயிற்று.