கொஞ்சம் முடியல

எங்கள் தெருவில் வெளிநாட்டில் இருப்பவனிடம் சாவைச் சொல்ல ஒரு வழி உண்டு. செத்துப்போனார் என்று யாரும் சொல்வதில்லை. "வாப்பாக்குக் கொஞ்சம் முடியல, வந்து பாத்துட்டுப் போ" என்பார்கள். தனியாகக் கிடப்பவன் இடிந்துபோகக் கூடாதாம். போன வருடம் பக்கத்து வீட்டு யாசருக்கு அப்படிச் சொன்னது என் வாப்பா துல்கர்னைன்தான். சத்து மாவும் பழமும் வாங்கிக்கொண்டு வந்தவனை நேரே அவன் வாப்பாவைப் புதைத்த கபரடிக்குக் கூட்டிப்போனார்கள்.

அந்த யாசரும் என் அண்ணன் முஃபீதும் ஷார்ஜாவில் ஒரே அறையில் இருப்பவர்கள்.

இந்தச் சாரலில் வாப்பா யார் பேச்சையும் கேட்காமல் குற்றாலம் போய் அருவியில் நின்றுவிட்டு வந்தார். காய்ச்சல் வந்துவிட்டது. குளிருக்குக் காதில் பஞ்சை அடைத்து, வெள்ளை வேட்டியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு, மாத்திரை போட்டுத் தூங்கினார். அந்த நேரம் பார்த்து அண்ணன் கூப்பிட்டான்.

உம்மாவுக்கு மூட்டுவலி, எனக்குத் தீராத தலைவலி, எதுவானாலும் "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றே சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிருந்தது. ஒரு நாளாவது உள்ளதைச் சொல்வோமே என்று நினைத்தேன்.

"வாப்பாக்குக் கொஞ்சம் முடியல. பயப்பட ஒண்ணுமில்ல."

அண்ணன் உடனே சொன்னான்: "போனை அவங்கள்ட்ட குடு."

"தூங்குதாவ."

"வீடியோல காட்டு."

காட்டினேன். வெள்ளைத் துணி, அசையாத முகம், காதில் பஞ்சு. போன் கட்டாகிவிட்டது. சிக்னல் இல்லை போல என்று நானும் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். பிறகு கூப்பிட்டால் அவன் போன் அணைந்திருந்தது.

மறுநாள் காலை திருவனந்தபுரத்திலிருந்து ஒரு வாடகைக் கார் வாசலில் வந்து நின்றது. நாற்காலியில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்த வாப்பாவைப் பார்த்ததும் அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். லீவு கொடுக்காத மேனேஜரிடம் வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். எங்கள் வீட்டுக்கு இருந்தது அந்த ஒரே சம்பளம்தான்.

"நான் ஒரு பொய்யும் சொல்லலியே" என்றேன். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"சொல்லலட்டி. நல்லா இருக்காவன்னு பொய் சொல்லிருந்தா நம்பிட்டு வேலைக்குப் போயிருப்பேன்."

வாப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "யாசர்ட்ட நான் சொன்னதுதான் இது. அப்படியே திரும்பி வந்திருக்கு" என்றார்.

அண்ணனின் போன் அடித்தது. யாசர்தான். அண்ணனுக்கு எடுக்கத் தெம்பில்லை. காது மந்தமான வாப்பா அதை வாங்கி, வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார்.

"யாசரு, நான்தான் பேசுதேன். எனக்கு ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன்."

"இதை எங்க வாப்பா வாயால கேக்கத்தான் மாமா அன்னைக்கு ஓடி வந்தேன்" என்றான் யாசர்.