அம்மா வழிக் கட்டம்

மாப்பிள்ளைக்குத் துணி எடுப்பது பெண் வீடு. பட்டாசுக் கம்பெனி சங்கரபாண்டியன் அந்த உரிமையை விடுகிற ஆள் இல்லை. மகள் ஆர்த்தி அபர்டீனில் வேலை பார்த்த இடத்தில் ஒரு ஸ்காட்லாந்துக்காரனைப் பிடித்துக்கொண்டபோதும் விடவில்லை.

அங்கே குலத்துக்கு ஒரு கட்டம். கல்யாணத்தில் ஆண்கள் தங்கள் குலத்துக் கட்டம் போட்ட மடிப்புப் பாவாடை கட்டுவார்கள். மாப்பிள்ளை கேலமின் அப்பா ஃப்ரேசர் குலம், சிவப்புக் கட்டம். அம்மா மொய்ரா கார்டன் குலம். கரும்பச்சையில் மஞ்சள் கோடு. கேலம் தவழ்கிற வயதில் அப்பா வீட்டை விட்டுப் போனார். திரும்பவில்லை. மொய்ரா டவுன் பஸ் ஓட்டிப் பிள்ளையை வளர்த்தாள்.

சங்கரபாண்டியன் சிவப்பை வரவழைத்து மேசையில் விரித்தார்.

ஆர்த்தி அதைத் தொடவில்லை. “அவன் அம்மா வழிதான் கட்டணும்னு இருக்கான்ப்பா. அங்கன அதுக்கும் வழக்கம் இருக்கு.”

“குலம்ங்கிறது அப்பன் வழி. அந்தப் பச்சை வேற போட்டோவுல கறுப்பாட்டம் இருக்கு. மணவறையில கறுப்பா?”

“விட்டுட்டு ஓடுன ஆளு குலம்ப்பா இது.”

“ஓடுனாலும் அப்பன்தான். யாரு மகன்னு ஊர்ல கேட்டா?”

“மொய்ரா மகன்னு சொல்லுங்க.”

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் கேலமும் மொய்ராவும் வந்து இறங்கினார்கள். மொய்ராவின் பெட்டியில் பச்சைக் கட்டம் மடித்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் சிவப்பையே கட்டிக்கொள்வதாகக் கேலம் சொன்னான். ஒரு நாள்தானே என்றான். மொய்ரா பெட்டியை மூடினாள்.

பெட்டி மூடிய சத்தத்தில் ஆர்த்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வழி சொன்னது அவள் அம்மா சுப்புலட்சுமி. “தாய்மாமன் தட்டுல வர்ற துணிய எவனும் தள்ள முடியாது. மொய்ராவுக்குத்தான் கூடப் பொறந்தவன் இல்லையே. எங்கண்ணன் சீனிவாசகம் அண்ணனா நிக்கட்டும்.”

சீனிவாசகம் தட்டும் பழமும் வாங்கிவிட்டார். அதைப் பார்த்த வெள்ளைத்தாய் அத்தை, சங்கரபாண்டியனின் அக்கா, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

“ஏட்டி, ஒங்கம்மாவுக்கும் மொய்ராவுக்கும் ஒரே அண்ணன்னா, ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி. நீயும் மாப்பிள்ளையும் அண்ணன் தங்கச்சி. அப்புறம் தாலி யாருக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். ஆர்த்தியும் சிரித்தாள். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக அப்பாவிடம் போனாள்.

“மாமாவுக்கு முறை இல்லையாம். உங்களுக்குத்தான் இருக்கு. உங்க தங்கச்சி மகன்னா எனக்கு அத்தை மகன். நீங்கதான் மொய்ராவுக்கு அண்ணனா நின்னு பச்சையக் கொண்டாரணும்.”

“மாட்டேன்னா?”

“சிவப்பு மணவறை ஏறுச்சுன்னா நான் ஏற மாட்டேன். கார்டு கொடுத்தாச்சு. என் இடத்துல யார உக்கார வைக்கீகன்னு பாத்துக்கிடுங்க.”

“அப்பனையே மிரட்டுதியா?”

“ஆமா.”

அவர் தட்டைப் பார்த்தார். வாங்கவில்லை. ஆர்த்தி அதை அவர் மேசையில், சிவப்புத் துணியின் மேலேயே வைத்துவிட்டு வந்தாள்.

முகூர்த்தத்தன்று மேளம் முன்னால் வந்தது. பின்னால் சங்கரபாண்டியன், முகத்தில் சிரிப்பில்லாமல், தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கத்தில் மொய்ரா. தட்டில் பச்சைக் கட்டம். முன்வரிசையில் இருந்த பங்காளி முத்துராமலிங்கம் எட்டிப் பார்த்தார்.

“மாப்பிள்ளை யாரு மகன், பாண்டியா?”

“என் தங்கச்சி மகன்.”

“அது சரி. கறுப்புத் துணியாவா கொண்டாருவ?”

“கரும்பச்சை” என்றார் சங்கரபாண்டியன். “கண்ணத் தொறந்து பாரும்.”