சுகந்தியைப் பார்க்கும் முறை

மினிபஸ் ஓட்டும் பரஞ்சோதி கண்ணைத் திருப்பும்போதெல்லாம் அவர் வீடு கொஞ்சம் நீளும். பாளையங்கோட்டையில் சின்ன வாடகை வீடு. வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டவில்லை.

பஸ் ஓட்டுகிறவர் கண் ஓர் இடத்தில் நிற்காது. இடது கண்ணாடி, வலது கண்ணாடி, இறங்குகிறவர், குறுக்கே வரும் ஆடு. வீட்டிலும் அப்படியே இருந்தார். டிவியைப் பார்ப்பார். உடனே ஜன்னல். உடனே செல்போன். ஒவ்வொரு தாவலுக்கும் சமையலறை இன்னும் பின்னால் போனது. அங்கேதான் அவர் மனைவி சுகந்தி இருந்தாள்.

முதலில் ரசம் ஆறிப்போய் வந்தது. பிறகு, காலையில் ரசத்தோடு கிளம்புகிற சுகந்தி சாயங்காலம்தான் கூடத்துக்கு வந்து சேர்ந்தாள். வழியில் உட்கார ஒரு முக்காலி போட்டு வைத்திருந்தாள். பிறகு வருவதே நின்றுபோனது.

ஒரு நாள் சமையலறையிலிருந்து போன் செய்தாள்.

"ஏங்க, இங்க மழை பெய்யுது. அங்க?"

"இங்க வெயிலு."

"அப்ப சரி. துணி காயட்டும்."

வைத்துவிட்டாள். பரஞ்சோதி கண் டாக்டரிடம் போனார்.

"வீடு எவ்வளவு நீளம்?" என்று டாக்டர் கேட்டார்.

"காலையிலயா, இப்பவா?"

"கண்ண ஆட்டாதீங்க. ஒரே இடத்தப் பாருங்க. வீட்டம்மா கிட்ட வந்துருவாங்க."

பரஞ்சோதி கூடத்தில் உட்கார்ந்தார். வெகுதூரத்தில் கடுகளவு தெரிந்த சுகந்தியையே பார்த்தார். செல்போன் அடித்தது. திரும்பவில்லை. கடுகு பொம்மையானது. பொம்மை சுகந்தியானது. சுவர்கள் சத்தமில்லாமல் அவள் பின்னாலேயே வந்தன. மதியத்துக்குள் அவள் கரண்டியோடு எதிரே நின்றாள். பெருங்காய வாசம் அடித்தது.

அவர் அப்போதும் கண்ணை அசைக்கவில்லை. ஒரே இடத்தைப் பார்த்துப் பார்த்தே சுகந்தி மங்கத் தொடங்கினாள். சேலைக்கரை போயிற்று. கரண்டி அந்தரத்தில் நின்றது.

"ஏங்க, என் கையி எங்க?"

"தெரியல. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இப்படி மொறச்சுப் பாத்தா நான் எப்படி இருக்க முடியும்?"

"திருப்புனா தூரமாப் போயிருவ."

"வெளிய ஏன் திருப்புதீய? எம்மேலயே திருப்புங்க."

பயந்துகொண்டே அவள் மூக்குத்தியைப் பார்த்தார். மூக்கு வந்தது. அங்கிருந்து புருவத்துக்குப் போனார். அங்கிருந்து காதோரம். நரைத்த முடி ஒன்று வந்தது. வீடு நீளவில்லை. தோள் வழியாக இறங்கிக் கரண்டியின் பக்கம் போனபோது மணிக்கட்டு வந்தது. அதில் ஒரு தீத்தழும்பு.

"இது எப்ப?"

"எண்ண தெறிச்சது. ரொம்ப நாளாச்சு. நீங்க அப்ப ஜன்னலப் பாத்துக்கிட்டு இருந்தீய."

பரஞ்சோதி தழும்பின் ஓரமாகவே மெதுவாகக் கண்ணை ஓட்டினார். கை முழுதாக வந்து சேர்ந்தது. அந்தக் கையால் அவள் அவர் கன்னத்தைத் தொட்டாள். சூடாக இருந்தது.

"காலு இன்னும் வரல," என்றார்.

"அவசரமில்ல. மெல்ல வாங்க."

அவர் முழங்கையிலிருந்து மறுபடி தொடங்கினார். சாயங்காலம்வரை கால் வரவில்லை. அதனால் சுகந்தி எங்கும் போகவில்லை.