அக்காவுக்கு ஒரு மெரூன் பக்கம்

தியாகராய நகரில் மூன்று மாடி ஜவுளிக்கடை வைத்திருக்கும் சிதம்பரநாதன், தன் மணிவிழாவுக்குத் தன் வாழ்க்கை வரலாற்றைத் தானே எழுதினார். பிறர் எழுதினால் சிலதை விட்டுவிடுவார்கள் என்பது அவர் பயம்.

அக்கா இசக்கியம்மாள் ஒன்றுதான் கேட்டிருந்தாள். கடை ஒற்றை ஷட்டராக இருந்த ஆறு வருஷமும் சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்தவள் அவள்.

"போர்டுலதான் என் பேரு இல்ல. பொஸ்தகத்துலயாவது போடு தம்பி."

போட்டார், அதுவும் தனிப் பக்கத்தில். கடையின் கல்யாணப் பட்டுப் பெட்டியைப் போல மெரூன் பின்னணி, வெள்ளை எழுத்து. மயிலாப்பூரில் டிடிபி கடை நடத்தும் உம்மே ஹானி அப்படியே அமைத்துக் கொடுத்து, ஒரு எச்சரிக்கையும் சொன்னாள். மெரூன் கட்டம் அந்தப் பக்கத்தை விட்டு அசையாது, எழுத்து நகரும். இடைவெளி கூடுதலாக வேண்டுமென்றால் தன்னிடம் சொல்ல வேண்டும், அவராக என்டர் தட்டக் கூடாது.

வீட்டுக் கணினியில் ஃபைலைத் திறந்து பார்த்தவருக்குத் தன் படத்தின் கீழே இடம் போதாது என்று பட்டது. என்டர் தட்டினார். பிறகு பத்திக்குப் பத்தி தட்டினார். பெரிய மனிதரின் வாழ்க்கையில் பத்திகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கலாமா? ப்ரூஃப் பார்ப்பது சந்தேகப் பேர்வழிகளின் வேலை என்பதால் நேரே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார்.

விழா மண்டபத்தில் நானூறு பிரதிகள் கைமாறிய பிறகு அக்கா தன் பக்கத்தைத் தேடினாள். மெரூன் பக்கம் இருந்தது. அதில் முந்தைய அத்தியாயத்தின் கடைசி வரி மட்டும் கறுப்பில் ஒதுங்கியிருந்தது: 'இத்தனையும் நான் தனியாளாகவே சாதித்தேன்.' அடுத்த பக்கம் வெறும் வெள்ளை.

"நெறம் நல்லாருக்கு தம்பி" என்றாள். சாப்பிடாமல் அடையாறுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் உம்மே ஹானியைத் திட்டுவதற்காகவே போனார். அவர் அச்சகத்துக்கு அனுப்பிய ஃபைலை அவள் தன் கணினியில் திறந்து, அந்த வெள்ளைப் பக்கத்தின் மேல் மௌஸை இழுத்தாள். வரிகள் தெரிந்தன.

"எல்லாம் இருக்கு சார். வெள்ளை மேல வெள்ளை, அவ்ளோதான்."

அக்கா கையில் கொடுக்க அதைக் கறுப்பில் ஒரு தாள் எடுத்துத் தரச் சொன்னார். நின்றபடியே படித்தார். ஒன்பது வரியில் ஏழில் அவரே இருந்தார். அவர் உழைப்பை அக்கா வியந்தாள். அவர் உயர்வைக் கண்டு கண் கலங்கினாள். மெரூனில் பார்த்தபோது இது கண்ணில் படவில்லை.

ஏழு வரியையும் எடுக்கச் சொன்னார். அக்காவின் பெயரும், ஃபால்ஸ் தைத்தாள் என்பதும் மிஞ்சின.

"பாக்கி இடத்துல என்ன சார் போட?"

யோசித்தார். ஆறு வருஷம் அவள் கடையில் எந்த மூலையில் உட்கார்ந்து தைத்தாள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள், எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"அக்காட்டதாம்மா கேக்கணும்" என்றார். செருப்பை மாட்டும்போது சொன்னார்: "பேசுவாளான்னு தெரியல."